முதலில் நிற்பதுதான் மலிவா?

"எதுக்கு அக்கா மெடிக்கல் ஷாப்புல போய்க் கால் கடுக்க நிக்கறீங்க? மாத்திரை பேரைப் போன்ல தட்டுங்க. எங்கே என்ன விலைன்னு வரிசையா காட்டிடும். முதல்ல இருக்கறதை அமுக்கினா வீட்டு வாசலுக்கே வந்துடும்!"

இப்படி யோசனை சொல்ல இப்போது தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். சொல்வதில் தப்பும் இல்லை. சுகர், பிரஷர், தைராய்டு என்று மாதாமாதம் மாத்திரை வாங்கும் வீடுகளில், மளிகைக்கு அடுத்தபடி பட்ஜெட்டைப் பதம் பார்ப்பது மருந்துதான். அதில் இருநூறு, முந்நூறு மிச்சமானால் யாருக்குக் கசக்கும்?

ஒரே மருந்தைப் பல கம்பெனிகள் பல விலையில் விற்கின்றன என்ற ரகசியத்தைச் சாதாரணக் குடும்பங்களுக்குப் போட்டு உடைத்ததே இந்த விலை ஒப்பீட்டுத் தளங்கள்தான். அந்தப் புண்ணியம் அவர்களுக்கு உண்டு. ஆனால் அந்த அக்காவிடம் சொன்ன கடைசி வரி இருக்கிறதே, ‘முதல்ல இருக்கறதை அமுக்குங்க’... அங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

விலையைத் தேடித் தருவதற்கு அவர்கள் நம்மிடம் ஒரு பைசா வாங்குவதில்லை. அப்படியானால் அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பது யார்? பெரும்பாலும் பொருளை விற்பவர்தான். நீங்கள் அவர் பெயரை ஒரு தரம் அமுக்கினால் இவ்வளவு, வாங்கினால் இவ்வளவு என்று கமிஷன் போகிறது. வீட்டு புரோக்கராவது இரண்டு பக்கமும் வாங்குவார். இவர்கள் ஒரு பக்கம்தான் வாங்குகிறார்கள். அது நம் பக்கம் இல்லை!

கோர்ட்டுக்குப் போன வரிசை

சும்மா சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவில் ஒரு கோர்ட்டே அலசிச் சொன்ன விஷயம் இது. மருந்து வழக்கு அல்ல, ஓட்டல் அறை வழக்கு. ஆனாலும் நமக்கு அதில் பாடம் இருக்கிறது.

ட்ரிவாகோ என்பது ஜெர்மனியிலிருந்து நடக்கும் ஓட்டல் விலை ஒப்பீட்டுத் தளம். ‘ஒரே அறைக்குப் பல விலை, மலிவானதை நாங்கள் காட்டுகிறோம்’ என்கிற தோரணையில் டி.வி.யில் விளம்பரம் செய்தார்கள். 2018-ல் அந்த நாட்டின் நுகர்வோர் ஆணையம் வழக்குப் போட்டது. நிபுணர்களை வைத்து அந்தத் தளத்தின் கணக்கை அலசிப் பார்த்ததில், பளிச்சென்று முதல் இடத்தில் காட்டப்பட்ட விலை, நூற்றுக்கு 66.8 பட்டியல்களில் மிகக் குறைந்த விலையாக இல்லை. அதாவது, மூன்றில் இரண்டு தடவை அதைவிட மலிவான அறை கீழே ஒளிந்துகொண்டிருந்தது! யார் எவ்வளவு கமிஷன் தர ஒப்புக்கொள்கிறார் என்பதற்கு அந்த வரிசையில் பெரிய பங்கு இருந்தது.

இன்னொரு தந்திரமும் அம்பலமானது. கோடு போட்டு அடித்த பெரிய விலை, பக்கத்தில் சின்ன விலை என்று காட்டுவார்களே... அடிக்கப்பட்ட விலை சில சமயம் சொகுசு அறைக்கு உரியது. பக்கத்தில் இருந்தது சாதாரண அறையின் விலை. 2020 ஜனவரியில் கோர்ட் ‘மக்களைத் தவறாக வழி நடத்தினீர்கள்’ என்று தீர்ப்புச் சொன்னது. மேல்முறையீடும் தோற்று, 2022 ஏப்ரலில் 4 கோடியே 47 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விழுந்தது.

ஓட்டல் அறையில் ஏமாந்தால் காசோடு போயிற்று. சாதா அறையையும் சொகுசு அறையையும் ஒன்றாக்கியதுபோல, மாத்திரையில் ஒன்றை இன்னொன்றாக நினைத்தால்?

பெயர் ஒன்று, மருந்து வேறு

மெட்ஃபார்மின் 500 என்று தட்டுகிறீர்கள். ஒன்று சாதா மெட்ஃபார்மின். இன்னொன்றில் பெயருக்குப் பின்னால் ‘எஸ்.ஆர்.’ என்று இரண்டே எழுத்து. முதலாவது உடம்பில் சீக்கிரம் கரைவது, இரண்டாவது மெல்ல மெல்ல மருந்தை விடுவது. விலை வேறு, போடும் முறையும் வேறு. ‘மலிவா இருக்கே’ என்று எஸ்.ஆருக்குப் பதில் சாதாவை வாங்கிப் போட்டால், டாக்டர் போட்ட கணக்கே மாறிவிடும். டெல்மிசார்டன் என்ற பிரஷர் மாத்திரையிலும் இதே கதை. கூடவே ‘ஹெச்’ இருந்தால், சிறுநீரை அதிகம் பிரியச் செய்யும் இன்னொரு மருந்தும் சேர்ந்திருக்கிறது. ‘ஏ.எம்.’ என்றால் அம்லோடிபின் சேர்ந்தது. அந்த வால் எழுத்தை விட்டுவிட்டு விலையை ஒப்பிடுவது, இட்லியையும் இட்லி மாவையும் ஒப்பிடுவது மாதிரி.

இன்சுலினில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். 10 மில்லி குப்பியில் 400 யூனிட் இருக்கும். பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் ஒரு மில்லிக்கு 100 யூனிட், 3 மில்லியில் 300 யூனிட். எனவே குப்பி விலையையும் கார்ட்ரிட்ஜ் விலையையும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை. யூனிட்டுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்க்க வேண்டும்.

விலை கிடக்கட்டும், உயிர் விஷயம் இது. சிலவகை இன்சுலின் குப்பியிலேயே 100 யூனிட் வீரியத்தில் வருகிறது. 40 யூனிட்டுக்கான சிரிஞ்சுக்கு சிவப்பு மூடி, 100-க்கானதற்கு ஆரஞ்சு மூடி. குப்பி 100 ஆக இருந்து, வீட்டில் பழைய சிவப்பு மூடி சிரிஞ்சில் வழக்கமான கோடு வரை இழுத்துப் போட்டால் உடம்பில் போவது இரண்டரை மடங்கு இன்சுலின்! சுகர் சரசரவென்று இறங்கி மயக்கத்தில் கொண்டு விட்டுவிடும். மலிவாகக் கிடைத்தது என்று டாக்டரைக் கேட்காமல் இன்சுலினை மாற்றவே கூடாது.

தைராய்டு, வலிப்பு, ரத்தம் உறையாமல் இருக்கும் வார்ஃபரின் போன்ற மருந்துகளும் இப்படித்தான். இவற்றில் அளவு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் உடம்பு காட்டிக்கொடுத்துவிடும். கம்பெனியை மாற்ற நினைத்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மாற்றுங்கள். ரத்தப் பரிசோதனை தேவையா என்று அவர் சொல்வார்.

தள்ளுபடிக் கணக்கு

‘25 சதவீதம் தள்ளுபடி’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்ததும் மனசு இளகிவிடுகிறது. பேச்சுக்கு ஒரு கணக்குப் போடுவோம். ஓர் அட்டை 200 ரூபாய், 25 சதவீதம் தள்ளுபடி போக 150. அதே மருந்து, இன்னொரு கம்பெனி, 120 ரூபாய், வெறும் 10 சதவீதம் தள்ளுபடி போக 108. தள்ளுபடி குறைவாக உள்ளதுதான் மலிவு! அட்டையில் 10 மாத்திரையா, 15-ஆ என்பதும் உண்டு. ஒரு மாத்திரைக்கு எவ்வளவு என்று பார்த்தால் குழப்பமே வராது.

குளுக்கோமீட்டர் வாங்கப் போகிறவர்கள் மிஷின் விலையைத்தான் ஒப்பிடுகிறார்கள். மிஷின் ஒருமுறைச் செலவு. ஸ்ட்ரிப் ஆயுசுக்கும் செலவு. அதிலும் சில மிஷின்களுக்கு அந்தக் கம்பெனி ஸ்ட்ரிப் மட்டுமே பொருந்தும். முதலில் ஸ்ட்ரிப் விலையை விசாரியுங்கள். 50 ஸ்ட்ரிப் மலிவாகக் கிடைக்கிறது என்றால் காலாவதித் தேதியையும் பாருங்கள்.

அப்புறம், மாத்திரைக்கு எதற்கு நட்சத்திரம் என்பது எனக்கு இன்னும் புரியவில்லை. ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர் பாராட்டுவது டெலிவரி பையன் சீக்கிரம் வந்ததையா, பிரஷர் குறைந்ததையா?

கமிஷன் இல்லாத இடம்

மருந்து விலையைக் கமிஷன் கலப்பில்லாமல் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. 1997-ல் தொடங்கிய தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம், 2016-ல் ‘பார்மா சஹி தாம்’ என்ற செயலியை வெளியிட்டது. மருந்தின் பெயரைத் தட்டினால் அதற்கு அனுமதிக்கப்பட்ட விலை தெரியும். அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு அரசே உச்ச விலை நிர்ணயிக்கிறது. பட்டியலில் இல்லாத மருந்தானாலும், ஒரு கம்பெனி அதன் அதிகபட்ச விலையை வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற முடியாது. 2013-ம் ஆண்டு மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை அப்படிச் சொல்கிறது.

2008-ல் ஆரம்பித்த மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களும், தமிழக அரசு 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகங்களும் இருக்கின்றன. அங்கே கம்பெனிப் பெயரைச் சொல்லாமல், மருந்தின் மூலப்பெயரைச் சொல்லிக் கேளுங்கள். எந்தத் தளத்தின் விலையையும் இவற்றோடு ஒரு தடவை ஒத்துப் பார்த்தால் போதும், உங்கள் ‘சலுகை’ எவ்வளவு பெரிசு என்று தெரிந்துவிடும்.

சட்டமும் நம் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. 2020-ல் வந்த மின் வணிக விதிகளின்படி, பல கடைக்காரர்களின் பொருளை விற்றுத்தரும் தளம், வரிசையை எந்த அடிப்படையில் அமைக்கிறது என்று சொல்லியாக வேண்டும். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியுங்கள். 2023 நவம்பரில் 13 வகைத் தந்திரங்களுக்கு மத்திய அரசு தடை போட்டது. ‘இன்னும் 2 மட்டுமே பாக்கி’ என்று பொய்யாக அவசரப்படுத்துவது, கேட்காத பொருளைக் கூடையில் திணிப்பது, கடைசிப் பக்கத்தில் புதுசு புதுசாய்க் கட்டணம் சேர்ப்பது எல்லாம் அதில் அடக்கம். ‘ஹேண்ட்லிங் சார்ஜ்’, மெம்பர்ஷிப் என்று பில்லில் ஏதாவது முளைத்திருந்தால் பணம் கட்டும் முன் நீக்கிவிடுங்கள்.

காட்டிய விலை ஒன்று, வாங்கிய விலை வேறு என்றால் அந்தப் பக்கத்தை போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அட்டையையும் பில்லையும் தூக்கி எறியாதீர்கள். விற்பனைத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதினால், 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகப் பதில் தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும். அசையவில்லையா? 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போடுங்கள்.