இரண்டாம் முடிச்சும் மூன்றாம் முடிச்சும் யார் போடுவது? தெரியுமா?

சோழர் காலத்துப் புத்தர் சிலை உள்ள ஊர் விக்கிரமங்கலம். அரியலூர் மாவட்டத்து முந்திரிக் காடுகளுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கிறது. வைகாசி முகூர்த்தம் வந்துவிட்டால் இந்தப் பக்கத்து ஊர்களில் பேருந்தைப் பாருங்கள்! திருப்பூரில் வாக்கப்பட்ட பெரியக்கா ஒரு பக்கம், சென்னையிலிருந்து சின்னக்கா ஒரு பக்கம், சிங்கப்பூரிலிருந்து கடைக்குட்டி ஒரு பக்கம். பையும் பிள்ளைகளுமாக வந்து இறங்குவார்கள். இவர்கள் வெறும் விருந்தாளிகள் என்றா நினைக்கிறீர்கள்? இல்லவே இல்லை! மாப்பிள்ளை தாலி கட்டும்போது முதல் முடிச்சு மட்டும்தான் அவருடையது. மற்ற இரண்டையும் நம் பக்கத்துப் பல வீடுகளில் போடுவது நாத்தனார், அதாவது மாப்பிள்ளையின் அக்காவோ தங்கச்சியோ! கூடப்பிறந்தவள் இல்லாத வீட்டில் பெரியப்பா மகளையோ சித்தப்பா மகளையோ தேடிப்பிடித்துக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். கட்டிக்கொடுத்த பெண் இல்லாமல் கல்யாணம் முடிவதில்லை!

இதே மண்ணில் இருந்த இரண்டு சகோதரிகள் கதை தெரியுமா? கங்கைகொண்ட சோழபுரத்தைக் கட்டினானே முதலாம் இராசேந்திரன், அவன் மகள்கள்! ஒருத்தி அருள்மொழிநங்கை. பிரானார் என்றும் பெயர். உடன்பிறந்தான் இராசாதிராசன் ஆட்சியின் தொடக்கத்தில் திருமழபாடிக் கோயிலுக்கு விலைமதிப்பில்லாத முத்துக்குடை ஒன்று கொடுத்தவள் அவள். அந்தத் திருமழபாடியும் நம் அரியலூர் மாவட்டம்தான்! இன்னொருத்தி அம்மங்கைதேவி. அவளைக் கட்டிக்கொடுத்த இடம் எங்கே தெரியுமா? கோதாவரிக் கரை, வேங்கி நாடு! மாப்பிள்ளை கீழைச் சாளுக்கியன் இராசராச நரேந்திரன். 1022இல் முடிசூடியவன். அவ்வளவு தொலைவில் போய் முகம் தெரியாத மாமியாரிடமா அவள் சிக்கினாள்? அங்கேதான் ஆச்சரியம்! மாமியார் குந்தவை, இராசேந்திரனின் கூடப்பிறந்தவள். முதலாம் இராசராசனின் மகள். மணப்பெண்ணுக்குச் சொந்த அத்தை! கட்டிக்கொண்டவன் அத்தை மகன்!

இராசராச நரேந்திரனின் அரசவையில்தான் நன்னையர் மகாபாரதத்தைத் தெலுங்கில் பாடத் தொடங்கினார். தெலுங்கின் ஆதிகவி என்று அந்த நாடே கொண்டாடுகிறதே, அவர்தான்! அவரை ஆதரித்த அரசனின் தாயும் தஞ்சைப் பெண், தாரமும் சோழப் பெண் என்று நினைக்கும்போது மயிர்க்கூச்செறிகிறது.

இன்னும் கேளுங்கள். அம்மங்கையின் மகன் தாய்மாமன் இரண்டாம் இராசேந்திரனின் மகள் மதுராந்தகியைக் கட்டிக்கொண்டான். 1070இல் அவனே சோழ அரியணையில் ஏறினான். நாம் முதலாம் குலோத்துங்கன் என்று படிக்கிறோமே, அவன்தான்! கட்டிக்கொடுத்த மகளின் பிள்ளை தாத்தா வீட்டுக்கு அரசனாக வந்து ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆண்டான்.

சரி, அரசர் வீட்டுப் பெண்ணுக்கு அப்படி. நம் வீட்டுப் பெண்ணுக்கு? பூர்வீகச் சொத்தில் மகனுக்கு இருக்கும் பிறப்புரிமையை மகளுக்கும் கொடுத்துத் தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது 1989இல்! அப்போது கல்யாணமாகிப் போயிருந்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை என்பது ஆறாத குறை. 2005இல் நாடு முழுதுக்குமான திருத்தம் வந்தது. மகளின் உரிமை பிறப்பிலேயே வருவது, 2005இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் பங்கு கேட்டாள் என்பதற்காகவே கூடப்பிறந்தவளுக்குப் பத்திரிகை வைக்காத வீடுகள் இன்னும் இருக்கின்றன. இது கொடுமை. முடிச்சுப் போட மட்டும் கை வேண்டும், கையெழுத்துக்கு வேண்டாமா?

கல்யாணத்துக்குச் சாமியே ஆற்றைக் கடந்து வருவது தெரியுமா? பங்குனிப் புனர்பூசத்தில் திருமழபாடியில் நந்திக்குக் கல்யாணம்! பெண் சுயசாம்பிகை, வியாக்கிரபாத முனிவரின் மகள். திருவையாற்றிலிருந்து ஐயாறப்பரும் அறம்வளர்த்த நாயகியும் மாப்பிள்ளை வீட்டாராகப் புறப்பட்டுக் கொள்ளிடத்தைத் தாண்டி வருகிறார்கள். நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம் என்பார்கள். வரன் அமையாத பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சுற்றுவட்டாரமே அங்கே திரளும். அதோடு முடிந்ததா? சித்திரையில் ஏழூர்ப் பல்லக்கு! திருவையாறு, திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்று ஏழு ஊர். பழம் தந்தது திருப்பழனம், சோறு தந்தது திருச்சோற்றுத்துறை, வேதியரை அனுப்பியது திருவேதிகுடி, பூ தந்தது திருப்பூந்துருத்தி, நெய் தந்தது திருநெய்த்தானம் என்ற தில்லைஸ்தானம் என்று மக்கள் சொல்வார்கள். ஒரு கல்யாணத்துக்கு ஆளுக்கொன்று எடுத்துவந்து கொடுத்த உறவூர்களுக்கு நன்றி சொல்லப் புதுமணத் தம்பதியைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். எவ்வளவு அழகான மரியாதை!

இனி இத்தாலிக்குப் போவோம். தொலைவில்லை, கொள்ளிடக் கரை ஏலாக்குறிச்சிதான்! 1680இல் வட இத்தாலியின் காஸ்திலியோனேயில் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி வீரமாமுனிவராகி, திருக்காவலூர் என்று பெயரிட்டு அடைக்கல மாதா கோயிலை எழுப்பியது இங்கேதான். இந்தப் பக்கத்துக் கத்தோலிக்கர் வீட்டுக் கல்யாணத்திலும் தாலி உண்டு. ஆனால் அந்தத் தாலிக்கு ஒரு சோதனை வந்தது தெரியுமா? வீரமாமுனிவர் வருவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, 1704இல், டூரின் நகரத்தில் பிறந்த தூர்னோன் என்ற போப்பின் தூதர் புதுச்சேரியில் இருந்துகொண்டு ஓர் ஆணை போட்டார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது, கல்யாணத்தில் தேங்காய் உடைத்துச் சகுனம் பார்க்கக் கூடாது! தாலி பிழைத்தது. உருவம் மாறியது, கழுத்து மாறவில்லை.

அதே இத்தாலியர்கள் 1880க்கும் 1920க்கும் இடையில் நாற்பது லட்சம் பேருக்கு மேல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணத்தைப் பார்த்தால் நம் வீடுதானோ என்று திகைத்துப்போவீர்கள்! மணப்பெண் கையில் பட்டுத்துணிப் பை ஒன்று தொங்கும். வருகிறவர்கள் பணம் வைத்த உறையை அதில் போடுவார்கள். மொய்! நோட்டுப் போட்டு எழுத ஆள்தான் இல்லை. போகும்போது நமக்குத் தாம்பூலப் பை, அவர்களுக்குச் சர்க்கரைப் பூச்சிட்ட வாதுமை. ஐந்து பருப்பு: நலம், செல்வம், மகிழ்ச்சி, பிள்ளைப்பேறு, நீண்ட ஆயுள். இத்தாலியில் இந்த மிட்டாய்க்கே பெயர்போன ஊர் சுல்மோனா!

பிட்ஸ்பர்க், யங்ஸ்டவுன் பக்கம் போனால் இன்னும் வியப்பு. மண்டபத்தில் ஒரு மேசை நிறைய விதவிதமான பிஸ்கட்டுகள். ஒன்றுகூடக் கடையில் வாங்கக் கூடாது என்பார்கள்! பாட்டி, அத்தை, அக்கா தங்கச்சிகள் பல நாள் முன்பிருந்தே சுட்டுச் சேர்ப்பது. நம் வீட்டில் அதிரசத்துக்கு மாவு இடித்துப் பாகு காய்ச்ச வந்து உட்காருவார்களே, அதே அத்தை, அதே அக்கா!

இந்தக் கூட்டம் உயிரைக் காக்கும் என்பது தெரியுமா? பென்சில்வேனியாவில் ரொசெட்டோ என்ற சிற்றூர். தென் இத்தாலியின் ரொசெட்டோ வல்போர்த்தோரே என்ற ஊரிலிருந்து வந்தவர்கள் அதே பெயரில் அமைத்தது. 1960களில் ஸ்டுவர்ட் உல்ஃப் என்ற மருத்துவர் அங்கே ஆராயப் போனார். 55 வயதுக்குள் மாரடைப்பில் சாகிறவர்கள் கிட்டத்தட்ட இல்லை! பக்கத்து ஊர்களில் நிலைமை வேறு. இத்தனைக்கும் ரொசெட்டோக்காரர்கள் பன்றிக்கொழுப்பில் பொரித்துச் சாப்பிட்டார்கள், சுருட்டுப் புகைத்தார்கள். பிறகு என்ன மாயம்? ஒரே வீட்டில் மூன்று தலைமுறை, ஒரே பந்தியில் சாப்பாடு, நல்லது கெட்டதுக்கு ஊரே கூடுவது. காரணம் இதுதான் என்றார்கள் ஆய்வாளர்கள். பிள்ளைகள் தனி வீடு, தனிக் கார் என்று பிரியப் பிரிய, 1970களில் மாரடைப்பும் அக்கம்பக்கத்து ஊர்களின் அளவுக்கு ஏறிவிட்டது. ஐம்பது ஆண்டுக் கணக்கை ஒப்பிட்டு 1992இல் வெளியான ஆய்வும் அதையே காட்டியது.

அந்த ரொசெட்டோவில் இன்றும் ஜூலை மாதம் கார்மேல் மாதா திருவிழா. அதற்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் ‘பிக் டைம்’. வெளியூர் போய்விட்ட மகள்களும் பேத்திகளும் அதற்கென்றே பிறந்த ஊருக்கு வந்து சேர்கிறார்கள்!