மரத்தைக் காணோம்: மரக்காணத்து வெள்ளைப் பள்ளம்

சென்னையிலிருந்து ஈசிஆர் வழியா புதுச்சேரிக்குப் போகிறவர்களுக்கு இந்த ஜோக் புதுசில்லை. மரக்காணம் பெயர்ப்பலகை வரும், சாலையோரம் கண்ணுக்கு எட்டுற தூரம் உப்புப் பாத்தி. உடனே பின் சீட்டிலிருந்து ஒரு குரல்: “பேர்லயே எழுதி வச்சிருக்காங்க பாரு, மரத்தைக் காணோம்னு!” நானும் சிரித்தவன்தான்.

வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினால், ‘காணம்’ என்பதற்குக் கொள்ளு, பொன், செக்கு என்று பல பொருள். காட்டைக் குறிக்கிற ‘கானம்’ வேறு ‘ன’. இதில் எது ஊருக்குப் பெயர் கொடுத்தது என்று நான் தீர்ப்பு சொல்லப் போவதில்லை. சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். எயில் என்றால் மதில். அதாவது, ‘காணோம்’ என்று நாம் கேலி செய்கிற இடம் ஒரு காலத்தில் மதிலால் பெயர் பெற்ற பட்டினம்.

எனக்கு இதில் உறுத்துவது கேலி இல்லை. “இங்க ஒண்ணும் இல்லை” என்ற நினைப்புதான். உண்மையில் இங்கே மூன்று வெள்ளைப் பொருள்கள் வரிசையாகப் பிறக்கின்றன. அதில் நமக்குத் தெரிந்தது மூன்றாவது மட்டும்.

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. வெயிலில் அந்த நீர் பாதியாக வற்றும்போது முதலில் கால்சியம் கார்பனேட் படியும். மிகக் கொஞ்சம்தான், ஆனால் இங்கிலாந்தின் டோவர் வெள்ளைப் பாறைகளும் முட்டை ஓடும் இதே பொருள்தான். நீர் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகக் குறையும்போது ஜிப்சம் படிய ஆரம்பிக்கும். பத்தில் ஒரு பங்கு மிஞ்சும்போதுதான் சமையல் உப்பு.

இங்கே ஒரு வேடிக்கை. பள்ளிக்கூடத்தில் நாம் ‘சாக்பீஸ்’ என்று சொன்னது பெரும்பாலும் உண்மையான சாக் இல்லை, ஜிப்சம்! சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே பாருங்கள். முட்டை ஓட்டின் மேல் வினிகர் விட்டேன், குமிழ் குமிழாய் வந்தது. சாக்பீஸ் துண்டில் விட்டேன், பேசாமல் ஊறிக்கொண்டு கிடந்தது. கார்பனேட் என்றால் நுரைக்கும், ஜிப்சம் நுரைக்காது.

இந்த வரிசை உப்பளத்தில் ஒருவருடைய கூலியையும் விலையையும் தீர்மானிக்கிறது. தண்ணீரை ஒரே பாத்தியில் விட்டு வற்றவைத்தால் ஜிப்சம் உப்போடு கலந்துவிடும். அதனால்தான் தண்ணீரைப் பாத்தி பாத்தியாக நகர்த்துகிறார்கள். முன் பாத்திகளில் கார்பனேட்டும் ஜிப்சமும் படிந்த பிறகு, ஹைட்ரோமீட்டரில் சுமார் 25 டிகிரி வரும்போது கடைசிப் பாத்திக்கு விட வேண்டும். 29, 30 டிகிரியைத் தாண்டினால் மக்னீசிய உப்புகள் கலந்து கசப்பு ஏறும். அதற்குள் மிச்ச நீரை வடித்துவிட வேண்டும். நடுவில் ஒரு கோடை மழை பெய்தால் பல நாள் வேலை கரைந்து போச்சு, திரும்ப முதலிலிருந்து.

சரி, தண்ணீர் இங்கே தேங்குவது ஏன்? பக்கத்திலேயே கழுவெளி இருக்கிறது. வானூர், திண்டிவனம் பக்கத்து ஏரிகளின் உபரி நீர் வந்து சேரும் பெரிய தாழ்நிலம். மழைக்காலத்தில் நன்னீர் நிறையும். கோடை வர வர, மரக்காணத்துக் கழிமுகம் வழியாக ஏறும் கடல்நீரின் உவர்ப்பு கூடும். ‘கழி’ என்றால் உப்பங்கழி. கழிவெளிதான் கழுவெளி ஆனது என்பது என் ஊகம். இன்றைய காதுக்கு அதுவும் கழுவேற்றும் இடம் மாதிரி கேட்கிறது, பாவம்.

இந்தப் பெயரிலும் அதே ஆபத்து உண்டு. ‘வெளி’ என்றால் காலி இடம் என்று எடுத்துக்கொண்டு ஆக்கிரமிப்புகளும் இறால் பண்ணைகளும் அதன் ஓரங்களைத் தின்றன. 2021 டிசம்பரில்தான் சுமார் 5,151 ஹெக்டேர் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பறவைகளுக்கு அது ஒருநாளும் காலி இடமாக இருந்ததில்லை.

மரத்தைக்கூட நாம் சரியாகத் தேடவில்லை. இதே சாலையில் தெற்கே போனால் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு இருக்கிறது. இந்தக் கடற்கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சம் அது. சாமிக்குப் பயந்து யாரும் வெட்டாததால் பிழைத்த மரங்கள்.

அடுத்த தடவை பஸ்ஸில் யாராவது அந்த ஜோக்கைச் சொன்னால் சிரியுங்கள், நானும் சிரிப்பேன். சிரித்து முடித்த பிறகு முதல் பாத்திக்கும் கடைசிப் பாத்திக்கும் தண்ணீரின் நிறம் எப்படி மாறுகிறது என்று மட்டும் ஜன்னல் வழியே ஒருமுறை பாருங்கள்.