சால்னாவும் சிறுநீரகமும்

மாலை வேளையில் புதுக்கோட்டை பேருந்து நிலையத்துப் பக்கம் போயிருக்கிறீர்களா? பரோட்டாக் கடையில் கொத்தும் ஓசை தெருமுனைக்கே கேட்கும். சால்னா மணம் வேறு! வெங்காயம், தக்காளி, அவித்த முட்டை ஆகியவற்றைச் சால்னாவோடு சேர்த்துக் கிளறும் முட்டை மாஸ், இந்த ஊருக்கே பெயர் வாங்கித் தந்த பண்டம். உங்களோடு வந்த தாத்தாவுக்கு நாள்பட்ட சிறுநீரக நோய். "எனக்கும் ரெண்டு பரோட்டா சொல்லப்பா" என்கிறார். சொல்லலாமா?

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை வடிக்கின்றன. அதில் ஒன்றரை லிட்டர் போலத்தான் சிறுநீராகிறது. மற்றதெல்லாம் இரத்தத்துக்கே திரும்புகிறது. எதை நிறுத்துவது, எதைத் தள்ளுவது என்ற இந்தக் கணக்குதான் நோயில் தவறிப்போகிறது.

உப்பில் ஐந்தில் இரண்டு பங்கு சோடியம். உடலில் தேங்கும் சோடியம் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். கணுக்கால் வீங்கும், விரலால் அழுத்தினால் விழும் குழி சற்று நேரம் அப்படியே நிற்கும். இரத்த அழுத்தம் ஏறும். அது மிச்சமுள்ள நெஃப்ரான்களையும் கெடுக்கும். நல்ல உடல்நிலை உள்ளவருக்கே நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்புதான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது ஒரு தேக்கரண்டி, தலைதட்டி. பரோட்டா மாவில் உப்பு, சால்னாவில் உப்பு, முட்டையில் உப்பு; அஜினமோட்டோ தூவினால் அதிலும் சோடியம்.

மைதாவைத் திட்டுவோருக்கு ஒரு செய்தி. பொட்டாசியமும் பாஸ்பரசும் கோதுமையின் தவிட்டில்தான் மிகுதி. ஆகவே இந்த இரண்டு கணக்கில் மட்டும் மைதா முழுக் கோதுமையைவிடக் குறைந்ததே. ஆனால் சிறுநீரக நோயாளிகளில் பலர் சர்க்கரை நோயாளிகள். அவர்களுக்கு மைதாவும் அளவோடுதான்.

பொட்டாசியம் பொல்லாதது. வீக்கம் காட்டாது, நாக்கிலும் தெரியாது; இரத்தத்தில் மிகுந்தால் இதயத் துடிப்பையே குலைத்துவிடும். தக்காளிக் குழம்பு, உருளைக்கிழங்கு வறுவல் ஆகியவற்றில் அது நிறைய உண்டு. "உடம்புக்கு நல்லது" என்று வாங்கித் தரும் இளநீரில் ஒரு டம்ளருக்கு ஏறத்தாழ அரை கிராம்! சோடியம் குறைந்தது என்று விற்கும் உப்பிலும் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். எல்லா நோயாளிக்கும் ஒரே கட்டுப்பாடு இல்லை. இரத்தப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

கறுப்பு நிறக் கோலா பானங்களில் பாஸ்பாரிக் அமிலம் உண்டு. பருப்பிலுள்ள பாஸ்பரசில் ஒரு பகுதியைத்தான் குடல் உறிஞ்சும். இதிலுள்ளதைப் பெரும்பாலும் உறிஞ்சிவிடும். அது தேங்கினால் எலும்பு பலமிழக்கும்.

சரி, தாத்தா காத்திருக்கிறார். மருத்துவர் தடுக்கவில்லையென்றால், என்றைக்கோ ஒரு நாள் ஒரு பரோட்டா சொல்லுங்கள். சால்னாவை மேலே ஊற்றாமல் தனிக் கிண்ணத்தில் கேளுங்கள். தொட்டுக்கொள்ளட்டும், குடிக்க வேண்டாம். கோலாவும் ஊறுகாயும் கூடாது. வீட்டில் உருளைக்கிழங்கு சமைத்தால், சிறிதாக நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்; பொட்டாசியத்தில் கணிசமான பங்கு அதோடு போய்விடும். சப்பென்று இருக்கிறது என்பார் தாத்தா. உப்பில்லாமல் நறுக்கிய பச்சை வெங்காயத்தில் எலுமிச்சை பிழிந்து, மிளகுத்தூள் தூவிக் கொடுத்துப் பாருங்கள்.