உச்சியில் ஒரு வெள்ளிப்பொட்டு

திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரத்துக்குச் செல்லும் பிரயாணிகள், கடற்கரைச் சிற்பங்களின் நினைவிலேயே லயித்தவர்களாய், வழியில் குறுக்கிடும் பக்கிங்காம் கால்வாயையோ, அதற்கு மேற்கே அல்லியும் கோரையும் மண்டிய தாங்கல்களையோ நின்று பார்ப்பதில்லை. பார்ப்பவருக்கும், கரையோரத்து நீர்மட்டத்தில் சில வெள்ளிப்பொட்டுகள் நகர்வதன்றி வேறொன்றும் முதலில் புலப்படாது. இரண்டங்குல நீளத்தை எட்டுவதே அரிதான ஒரு மீனின் உச்சந்தலைப் பொட்டுகள் அவை. இந்த இனத்து மீனை மலையாள நாட்டார் மானத்துக்கண்ணி என்பார்கள். வானத்தை நோக்கும் கண்ணையுடையது என்னும் அந்தப் பெயரினும் பொருத்தமானது வேறில்லை.

சென்னை வட்டாரத்து நன்னீர் மீன்களைப் பற்றி, இந்திய மியூசியத்தின் ஏட்டில் 1916இல் எழுதிய கட்டுரையில் இதை வர்ணித்தவர் சுந்தரராஜ். 'பார்வஸ்' என்று அவர் இட்ட பெயருக்கு லத்தீனில் சிறியது என்று அர்த்தம். 1911இல் கொச்சி மீனொன்று 'பிளாக்கி' என்று பெயர் பெற்றிருந்ததால், அதுவும் இதுவும் ஒன்றே என்று வெகுகாலம் கருதப்பட்டு, பிற்பாடே இது தனி ஜாதியென அங்கீகாரம் பெற்றது.

இது சேர்ந்த பெருங்கூட்டத்துக்குக் கில்லி மீன்கள் என்று பெயர். நம் பிள்ளைகள் ஆடும் கில்லிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வாய்க்காலைக் குறிக்கும் டச்சுச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். ஆப்பிரிக்காவிலுள்ள சில கில்லி மீன்கள், குட்டை வற்றித் தாம் மடிந்தாலும், சேற்றில் விட்டுப்போன முட்டைகளால் மறுமழையில் வம்சத்தை மீட்டுக்கொள்கின்றன. நம்முடையதற்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. நீர்ச்செடிகளில் ஒட்டிவைக்கும் முட்டை ஏறக்குறைய இரண்டு வாரத்தில் பொரிந்தாக வேண்டும், அதுவரை தண்ணீரும் நிற்க வேண்டும்.

தட்டையான தலை, மேல்நோக்கிய வாய், வாலருகே ஒதுங்கிய முதுகுத்துடுப்பு: மூச்சுக்காக மேலே வரும் கொசுப்புழுவைக் கவ்வுவதற்கென்றே வார்த்தெடுத்த தேகம். இதை வாசலிலேயே வைத்துக்கொண்டு, கொசுவை ஒழிக்கவென்று கம்பூசியா என்னும் மீனை 1928இல் கடல்கடந்து தருவித்தோம். பிற மீன்களின் குஞ்சுகளையும் விழுங்கும் அந்த விருந்தாளி இன்னும் விடைபெறவில்லை.

சித்திரை வெயிலில் தாங்கல் வெடித்துக் கிடக்கையில், மதகடி மடுக்களிலும், உவர்நீரும் ஓரளவு ஒத்துக்கொள்வதால் கால்வாயோரக் கழிகளிலும் இவை காத்திருக்கின்றன. ஐப்பசியில் கலங்கல் வழிந்து, ஏரிக்கு ஏரி தொடுத்த வாய்க்காலும் தூராமல் இருக்குமானால், நெல்வயல் வரப்பினோரம் அந்த வெள்ளிப்பொட்டுகளை மறுபடி காணலாம்.