இரங்கலும் எக்காளமும்

போர்க்களத்தில் மடிந்த தம் மக்களை நினைந்து இரங்குதல் எந்நாட்டவர்க்கும் இயல்பே. ஆனால், அவர்கள் ஏந்திய படைக்கலம் ஒரு கொடுங்கோலனுக்காக ஏந்தப்பட்டதாயின், அவ்விரங்கலை எங்ஙனம் பாடுவது? ஜெர்மானியரை இன்றளவும் விடாத வினா இது.

ஆண்டுதோறும் நவம்பர்த் திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அவர்கள் மக்கள் துக்க நாளாகக் கடைப்பிடிக்கின்றனர். அன்று நினைவுக்கற்களின் முன்னே எக்காளத்தில் ஒரு மெட்டு எழும். 'நல்ல தோழன்' என்னும் பாடலின் மெட்டு அது. பாடலை 1809இல் இயற்றியவர் லுட்விக் ஊலாண்ட். 1825இல் அதற்கு இசை அமைத்தவர் ஃபிரீட்ரிக் சில்ஷர். மூன்றே கண்ணிகள். அரசன் புகழில்லை, நாட்டின் பெயரில்லை, பகைவன்மேல் வசையுமில்லை. உடன் நடந்தவன் குண்டுபட்டு வீழ்ந்து கை நீட்டுகிறான். துப்பாக்கிக்கு மருந்து திணித்துக்கொண்டிருக்கும் தோழனால் அக்கையைப் பற்ற இயலவில்லை. நம் இலக்கணத்தார் இரங்கற்பாட்டைக் கையறுநிலை என்றனர். செயலற்ற நிலை என்பதே அதன் பொருளாயினும், இப்பாடலுக்கு அச்சொல் எழுத்துக்கு எழுத்துப் பொருந்தக் காண்கிறோம்.

இத்துணை எளிய பாடலின்மேல் ஐயம் படர்ந்தமைக்குக் காரணம் பாடலன்று. அது ஒலித்த இடங்களே. துக்க நாளை நாஜி அரசு 1934இல் 'வீரர் நினைவு நாள்' என மாற்றியது. அரைக் கம்பத்துக் கொடி முழுக் கம்பத்திற்கு ஏறிற்று, இரங்கல் செருக்காயிற்று. மெட்டு மட்டும் மாறவில்லை. 1952 முதற்கொண்டே அந்நாள், கொடுங்கோன்மைக்குப் பலியானோரையும் சேர்த்து நினைக்கும் துக்க நாளாக நவம்பரில் அமைந்தது.

1985 மே 5ஆம் நாள் பிட்பர்க் நகரில் நிகழ்ந்ததை இங்கே நினைவுகூர வேண்டும். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரீகனும் ஜெர்மானியத் தலைமை அமைச்சர் கோலும் அங்குள்ள படைவீரர் கல்லறைத் தோட்டத்திற்குச் சென்றனர். ஏறத்தாழ ஈராயிரவர் துயிலும் அவ்விடத்தில் ஹிட்லரின் எஸ்.எஸ். படையினர் நாற்பதின்மருக்கு மேற்பட்டோரும் கிடந்தனர். செல்ல வேண்டா என, வதைமுகாமிலிருந்து மீண்ட எழுத்தாளர் எலி வீசல் வெள்ளை மாளிகையிலேயே நின்று வேண்டியிருந்தார். செவிசாய்த்தாரில்லை. எதிரெதிரே நின்று போரிட்ட முதிய தளபதியர் இருவர் கைகுலுக்கினர். எக்காளம் அதே மெட்டை இசைத்தது. பாடலில் பற்றப்படாத கை அங்கே பற்றப்பட்டது எனலாம். ஆனால், அங்குக் கிடந்தோர் அனைவரையும் அம்மெட்டு 'தோழன்' என்றே விளித்தது. முகாமில் பெற்றோரை இழந்தவர் செவியில் அவ்விளி எங்ஙனம் பாய்ந்திருக்கும்!

மூன்று நாள் கழித்து ஜெர்மானியக் குடியரசுத் தலைவர் வைட்செக்கர் நாடாளுமன்றத்தில் உரையாற்றினார். கொல்லப்பட்ட அறுபது இலட்சம் யூதரையும், சோவியத், போலந்து மக்களையும் முன்னே நினைந்து, அதன்பின்னரே தம் நாட்டு வீரரை நினைந்தார். சொல்லால் இவ்வாறு வரிசைப்படுத்த இயலும், எக்காளத்தால் இயலாது. பதினெட்டு வயதில் கட்டாயமாகப் படைக்கு இழுக்கப்பட்ட சிறுவனுக்கும் கொலைப்படையினனுக்கும் அதற்கு ஒரே சுரந்தான். அச்சிறுவனின் தாயிடமிருந்து அம்மெட்டைப் பறித்தல் முறையன்று என்பதே நம் கருத்து. அது தனித்து ஒலித்தலும் முறையன்று. இன்று பெர்லின் நாடாளுமன்றத்தில், பலியானோர் அனைவரையும் குடியரசுத் தலைவர் வகைவகையாகச் சுட்டி முடித்த பின்னரே எக்காளம் எழுகிறது.

சொல்லும் இசையும் ஒருங்கே நின்ற நிகழ்ச்சியும் ஒன்றுண்டு. 1940இல் ஜெர்மானியக் குண்டுகளால் அழிந்த இங்கிலாந்தின் கவென்ட்ரிப் பேராலயம் புதிதாய் எழுந்தபோது, 1962 மே 30ஆம் நாள் பெஞ்சமின் பிரிட்டனின் 'போர் இரங்கலிசை' அங்கே அரங்கேறிற்று. முதல் உலகப் போரில் மாண்ட ஆங்கிலக் கவி வில்ஃபிரட் ஓவனின் பாடல்கள் அதில் உள்ளன. பாட அழைக்கப்பட்டோருள் ஒருவர் டீட்ரிக் ஃபிஷர்-டீஸ்கௌ. ஜெர்மானியச் சீருடை அணிந்து இத்தாலியில் சிறைப்பட்டவர். உடற்குறையுற்ற தம் உடன்பிறந்தானை அதே நாஜி அரசின் கொலைச்செயலுக்கு இழந்தவர். கொன்றவனை நோக்கிக் கொலையுண்ட பகைவன் பேசும் பகுதியை அவரே பாடினார். பாடி முடித்தபின் நெஞ்சு கலங்கி, இருக்கையை விட்டு எழவும் மாட்டாதவராய் இருந்தார்.