கூரை நீர் எங்கே போகிறது?

சில ஆண்டுகளுக்கு முன் பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பழைய லயம் ஒன்றுக்குப் புதுத் தகரம் போட்டுக் கொடுத்தோம். அடுத்த ஐப்பசி மழையில் அங்கு சென்றபோது, தொங்கல் காம்பராவில் இருந்த வயதான அம்மா எம்மை உள்ளே அழைத்துத் தரையைக் காட்டினார். "மேல ஒழுகுறது நின்னுருச்சு சாமி. இப்ப கீழ இருந்துல தண்ணி வருது" என்றார். பின்பக்கம் போய்ப் பார்த்தோம். மண்மேட்டுக்கும் சுவருக்கும் இடையிலிருந்த கான் தூர்ந்து கிடந்தது. பீலி இல்லாத புதுக் கூரை, அத்தனை நீரையும் அந்த இடுக்கில் கொட்டிக்கொண்டிருந்தது. தகரத்தைக் கணக்குப் பார்த்த நாம் தண்ணீரைக் கணக்குப் பார்க்கவில்லை. தவறு எம்முடையதே.

இப்போது பார்ப்போம். ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் அது ஒரு லீற்றர் நீர். 120 அடி நீளமும் 20 அடி அகலமும் உள்ள லயத்தின் கூரை ஏறத்தாழ 220 சதுர மீற்றர். 100 மில்லிமீற்றர் மழைக்கு 22,000 லீற்றர், அதாவது 200 லீற்றர் பீப்பாய் 110. பாதி பின்பக்கம் இறங்கினாலும் 55 பீப்பாய் நீர் அத்திவாரத்தின் ஓரத்திலும் மேட்டின் அடியிலும் ஊறுகிறது.

மண்சரிவில் வீட்டையும் மரக்கறித் தோட்டத்தையும் இழந்து, இன்று பழைய லயங்களில் ஒதுங்கியிருக்கும் குடும்பங்களுக்கு இதைச் சற்று அழுத்தியே சொல்ல விரும்புகிறோம். பதுளைக்குப் பெருமழை ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை நீடிக்கும். எனவே புரட்டாதி வெயில் இருக்கும்போதே வேலையைத் தொடங்க வேண்டும்.

முதலில் பின்பக்கத்துக் கான். மண்ணையும் குப்பையையும் அள்ளி, நீர் இரு பக்கமும் ஓடி லயத்தைத் தாண்டிப் பெரிய கானில் விழும்படி சரிவு கொடுங்கள். ஒரு வீட்டுக்காரர் மட்டும் வெட்டினால் நீர் பக்கத்துக் காம்பராவுக்குத்தான் போகும். லயம் முழுவதும் சேர்ந்து ஒரே நாளில் செய்ய வேண்டிய வேலை இது. கானை அகலமாக்கவோ குசினிக்கு இடம் எடுக்கவோ மேட்டின் அடியை வெட்டாதீர்கள். அடி வெட்டப்பட்ட மேடு நிற்காது.

அடுத்தது பீலி. சவுக்கு இலையும் டர்பன்டைன் இலையும் அடைத்திருந்தால் அள்ளிவிடுங்கள். 20 அடிக்கு ஓர் அங்குலம் இறக்கம் போதும். பீலி வாங்க வசதியில்லாத இடத்தில் மூங்கிலைப் பிளந்து கணு நீக்கிக் கட்டலாம். ஆண்டுதோறும் மாற்ற வேண்டியிருக்கும், அவ்வளவுதான். வழியும் நீர் கானுக்குள் விழுகிறதா என்று ஒரு வாளி நீர் ஊற்றிப் பாருங்கள்.

கூரைக்கு ஏறுபவர் தகரத்தின் நடுவில் கால் வைக்கக் கூடாது. ஆணி வரிசையின் மேல், சட்டம் தாங்கும் இடத்தில் மிதிக்க வேண்டும். ஆணி தகரத்தின் மேட்டில் வர வேண்டும், பள்ளத்தில் அடித்தால் அதுவே ஒழுக்கு. தகரம் பறக்காமலிருக்கக் கல் ஏற்றி வைப்பது எமது வழக்கம். பெருங்காற்றில் அக்கல்லே உருண்டு விழும். கம்பியால் கைமரத்தோடு இறுக்கிக் கட்டுவது மேல். அஸ்பெஸ்டஸ் சீற்றில் ஏறவே வேண்டாம். அதை அறுக்கவும் வேண்டாம், அந்தத் தூசு நெஞ்சுக்குக் கேடு.

தோட்டத்துக்குச் சொந்தமான லயமாயின், செய்ய வேண்டியதை எழுதித் துரையிடம் கொடுத்து, பிரதியொன்றில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்னதற்குச் சாட்சி இல்லை.

ஆனால் கானும் பீலியும் தடுக்க முடியாத சரிவும் உண்டு. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 அன்று காலையில் மலையே இறங்கி லயங்களை மூடியது. அங்கு ஆபத்து உண்டென்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. போகச் சொன்னார்கள், போய்க் குடியிருக்கக் காணி? உயிர் தப்பியவர்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலையில் காத்திருந்து, 2016இல்தான் பூனாகலைப் பக்கம் வீடு பெற்றார்கள். 2025 நவம்பரில் டித்வா சூறாவளியின்போது பதுளை மாவட்டம் மறுபடியும் பிணங்களைத் தோண்டியெடுத்தது.

ஆகவே மழையையும் அளந்து கொள்ளுங்கள். நேரான பக்கங்களுடைய வெறும் தகரப் பேணியொன்றைத் திறந்த வெளியில் வைத்து, ஒரு நாளில் சேரும் நீரை அடிக்கோலால் அளவுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுப்படி 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர், அதாவது மூன்று அங்குலம் சேர்ந்தால் விழிப்பாயிருக்க வேண்டும். நான்கு அங்குலத்தில் ஆயத்தமாக வேண்டும். ஆறு அங்குலமானால் வெளியேற வேண்டும். ஒரே மணித்தியாலத்தில் மூன்று அங்குலம் பெய்தாலும் அப்படியே. மேட்டில் புது வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கும் அல்லது நின்றுபோகும் ஊற்று ஆகியவற்றில் ஒன்றைக் கண்டால் பேணி நிறையும்வரை காத்திருக்க வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்துக்குச் சொல்லிவிட்டு வெளியேறுங்கள். அடையாள அட்டையையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களையும் பொலித்தீன் பையிலிட்டு இப்போதே கதவோரம் தொங்கவிடுங்கள்.