அணுக்கழிவை எப்படிப் பொதிகிறார்கள்? எங்கே புதைக்கிறார்கள்?

2010ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் ஒரு காயலான் கடைக்காரருக்கும் வேலையாட்களுக்கும் தோல் கருத்தது, முடி உதிர்ந்தது. என்ன நோய் என்று முதலில் யாருக்கும் புரியவில்லை. விசாரித்தபோது விஷயம் வெளியே வந்தது. டெல்லி பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் 1985 முதல் பயன்படாமல் கிடந்த ஒரு கதிர்வீச்சுக் கருவி, இரண்டு மாதங்களுக்கு முன் பழைய சாமான்களோடு சேர்த்து ஏலத்தில் விற்கப்பட்டிருந்தது. அதற்குள் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் இருந்தது. அதை மூடியிருந்த ஈயக் கவசத்தைக் கடைக்காரர்கள் உலோகத்துக்காகப் பிரித்துவிட்டார்கள். ஒருவர் இறந்தார். ஏழு பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

இந்தச் சம்பவத்தில் எந்த அணு உலையும் வெடிக்கவில்லை. ஒரு பொதி பிரிக்கப்பட்டது, அவ்வளவுதான். பிரித்தவர்களுக்கு உள்ளே இருப்பது என்னவென்று தெரியாது. விற்றவர்களோ தங்களிடம் இருப்பது என்னவென்பதையே மறந்திருந்தார்கள்.

கதிரியக்கக் கழிவு என்ற பிரச்சினையின் மையம் இதுதான். அதை எதற்குள் வைப்பது என்பது பாதிக் கேள்வி. அந்தப் பொதியை யார், எவ்வளவு காலம், எவ்வளவு நேர்மையோடு காப்பது என்பது மீதிப் பாதி. இந்தக் கட்டுரையில் இரண்டையும் பார்ப்போம்.

எவ்வளவு காலம் காக்க வேண்டும்?

கதிரியக்கப் பொருளை எரித்தோ, மருந்து தெளித்தோ அழிக்க முடியாது. அது தானாகத்தான் தணிய வேண்டும். அதன் வீரியம் பாதியாகக் குறைய எடுக்கும் காலத்தை 'அரை ஆயுள்' என்கிறோம். பத்து அரை ஆயுள் கடந்தால் வீரியம் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும்.

தைராய்டு புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் அயோடின்-131ஐ எடுத்துக்கொள்வோம். அதன் அரை ஆயுள் 8 நாட்கள். அதனால்தான் நோயாளியைச் சில நாட்கள் தனியறையில் வைத்து, அவருடைய கழிவறை நீரைத் தனித் தொட்டியில் தேக்கி வைக்கிறார்கள். 80 நாட்கள் பொறுத்தால் பெரும்பகுதி தணிந்துவிடும். இங்கே காத்திருப்பதே வைத்தியம்.

அணு உலையில் உருவாகும் சீசியம்-137இன் அரை ஆயுள் சுமார் 30 ஆண்டுகள். அப்படியென்றால் 300 ஆண்டுகள் காவல் வேண்டும். புளூட்டோனியம்-239இன் அரை ஆயுளோ சுமார் 24,000 ஆண்டுகள். பத்து மடங்கு என்றால் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ஆண்டுகள்! மனிதன் எழுதக் கற்றே ஐயாயிரம் ஆண்டுகள் சொச்சம்தான் ஆகிறது என்பதை நினைத்துப் பார்த்தால் இந்தக் கணக்கின் பாரம் புரியும்.

எல்லாக் கழிவும் ஒன்றல்ல

அணுமின் நிலையத்தில் வேலை செய்தவர்களின் கையுறை, உடை, துடைத்த துணி, வடிகட்டி போன்றவற்றில் கதிரியக்கம் குறைவு. ஆனால் கழிவில் பெரும்பகுதி இதுதான். இவற்றை அழுத்திச் சுருக்குவார்கள் அல்லது எரித்துச் சாம்பலாக்குவார்கள். திரவமாகவோ சேறாகவோ இருப்பதைச் சிமெண்டோடு கலந்து இறுக வைப்பார்கள். பிறகு இரும்பு டிரம்களில் அடைத்து, தரைமட்டத்துக்குச் சற்றுக் கீழே கான்கிரீட் அகழிகளில் வைத்து மூடுவார்கள். சுற்றிலும் நிலத்தடி நீரைத் தொடர்ந்து சோதிக்க வேண்டும். இந்தியாவிலும் இந்த முறைதான் நடைமுறையில் உள்ளது.

உலையில் எரிந்து முடிந்த யுரேனிய எரிபொருள் வேறு ரகம். அளவில் சிறியது; ஆபத்தில் பெரியது. உலையிலிருந்து எடுத்த பிறகும் அது தானாகவே வெப்பத்தை வெளியிட்டுக் கொண்டிருக்கும். எனவே முதலில் பல ஆண்டுகள் ஆழமான நீர்த்தொட்டியில் மூழ்கடித்து வைப்பார்கள். அந்த நீர் வெப்பத்தையும் தணிக்கும், கதிரையும் தடுக்கும்.

அதன்பின் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அந்த எரிபொருளை அப்படியே பொதிந்து புதைப்பது. மற்றொன்று, அதை அமிலத்தில் கரைத்து யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் மீண்டும் பயன்படுத்தப் பிரித்தெடுப்பது. இந்தியா தேர்ந்தெடுத்திருப்பது இரண்டாவது வழி. ஆனால் பிரித்தெடுத்த பிறகும் கடும் கதிரியக்கம் கொண்ட ஒரு திரவம் மிஞ்சுகிறது. திரவம் என்றால் கசியும். அதைத் திடமாக்கியே தீர வேண்டும்.

கண்ணாடிக்குள் சிறை

அதற்குக் கண்டுபிடித்த வழி கண்ணாடி. சமையலறையில் பயன்படுத்தும் வெப்பம் தாங்கும் கண்ணாடிப் பாத்திரங்கள் செய்யப்படும் போரோசிலிகேட் வகைதான் இதுவும். கழிவுத் திரவத்தை வற்ற வைத்து, கண்ணாடி செய்யும் மூலப்பொருட்களோடு சேர்த்து, ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உருக்குவார்கள். அந்தக் குழம்பைத் துருப்பிடிக்காத எஃகுக் கலன்களில் ஊற்றி ஆறவிட்டு, மூடியைப் பற்றவைத்து அடைப்பார்கள். மனிதர் அருகே போக முடியாது. தடித்த சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கருவிகளால் இயக்குகிறார்கள்.

கழிவைச் சுற்றிக் கண்ணாடி பூசுவதாக நினைத்துவிடக் கூடாது. கழிவின் அணுக்கள் கண்ணாடியின் கட்டமைப்புக்குள்ளேயே பிணைந்துவிடுகின்றன. அதனால் கட்டி உடைந்தாலும் உள்ளிருப்பது கொட்டிவிடாது. தண்ணீர் பட்டாலும் மிக மிக மெதுவாகத்தான் கரையும். பிரான்ஸ் 1978லேயே இதைத் தொழிற்சாலை அளவில் தொடங்கியது. நம் நாட்டில் டிராம்பே, தாராப்பூர், கல்பாக்கம் ஆகிய இடங்களில் இதற்கான ஆலைகள் உள்ளன. தயாரான கலன்களைக் காற்றோட்டத்தால் குளிரவைக்கும் கிடங்குகளில் பல பத்தாண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு? இந்தக் கேள்விக்கு உலகிலேயே முன்னால் நிற்கும் நாடு பின்லாந்து.

பாறைக்குள் ஒரு குகை

1994இல் பின்லாந்து ஒரு சட்டத் திருத்தம் கொண்டு வந்தது. தன் மண்ணில் உருவாகும் அணுக்கழிவைத் தன் மண்ணிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். பிற நாட்டுக்கு அனுப்பக் கூடாது. அதுவரை ஒரு பகுதியை ரஷ்யாவுக்கு அனுப்பி வந்தார்கள். சட்டம் வந்தபின் வேறு வழியில்லை, எல்லாவற்றையும் தன் நாட்டிலேயே வைக்க வேண்டியதாயிற்று. பல இடங்களை ஆராய்ந்து, மேற்குக் கடற்கரையில் ஓல்கிலுவோட்டோ தீவைத் தேர்ந்தார்கள். அங்குள்ள பாறையின் வயது சுமார் 190 கோடி ஆண்டுகள். 2004இல் தோண்டத் தொடங்கிய இந்தச் சுரங்கத்துக்கு 'ஓன்கலோ' என்று பெயர். ஃபின்னிய மொழியில் சிறு குகை, பொந்து என்று பொருள்.

பொதியும் முறை இப்படி. எரிபொருள் கட்டுகளை முதலில் வார்ப்பிரும்புச் சட்டத்துக்குள் வைக்கிறார்கள்; இது பாறையின் அழுத்தத்தைத் தாங்கும். அதற்கு வெளியே 5 செ.மீ. தடிமன் கொண்ட செம்புக் கலன்; இது அரிப்பைத் தாங்கும். ஆழத்தில் உள்ள நீரில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை என்பதால் செம்பு அங்கே நீண்ட காலம் நிலைக்கும் என்பது கணக்கு. கலனைச் சுமார் 430 மீட்டர் ஆழத்தில் பாறைக்குள் துளையிட்ட குழியில் இறக்கி, சுற்றிலும் பெண்டோனைட் களிமண்ணை அடைக்கிறார்கள். பெரிய கட்டடங்களுக்குப் பைல் போடும்போது குழி சரியாமல் இருக்க ஊற்றுகிறார்களே, அதே களிமண்தான். ஈரம் பட்டால் உப்பி, இடைவெளிகளை எல்லாம் தானே அடைத்துக்கொள்ளும். கடைசியில் சுரங்கப் பாதையையும் நிரப்பி மூடிவிடுவார்கள்.

ஒரு தடுப்பு தோற்றாலும் அடுத்தது காக்க வேண்டும். எந்த ஒன்றையும் முழுமையாக நம்பிவிடக் கூடாது என்பதே இந்த ஏற்பாட்டின் அடிப்படை. 6,500 டன் யுரேனியத்தை இங்கே வைக்க முடியும். 2024இல் கதிரியக்கமில்லாத மாதிரிப் பொருட்களை வைத்துச் சோதனை ஓட்டம் தொடங்கினார்கள்.

லட்சம் ஆண்டு தாங்கும் என்று யார் சோதித்துப் பார்த்தார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதே முறையைப் பின்பற்றும் சுவீடனில் 2018இல் சுற்றுச்சூழல் நீதிமன்றமே செம்பு அரிப்பு பற்றிச் சந்தேகம் எழுப்பியது. கூடுதல் விளக்கங்களுக்குப் பிறகு 2022இல்தான் அந்நாட்டு அரசு அனுமதி தந்தது. மறுபக்கம், இயற்கையில் ஒரு சான்று இருக்கிறது. ஆப்பிரிக்காவின் கேபோன் நாட்டில் ஓக்லோ என்ற யுரேனியச் சுரங்கத்தில், சுமார் 200 கோடி ஆண்டுகளுக்கு முன் இயற்கையாகவே அணுப்பிளவு நடந்த தடயம் 1972இல் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கு உருவான புளூட்டோனியம் போன்ற பொருட்கள், எந்தச் செம்புக் கலனும் இல்லாமலேயே, பெரும்பாலும் உருவான இடத்தை விட்டு அதிகம் நகரவில்லை.

தவறியது எங்கே?

இவ்வளவு அறிவு இருந்தும் தவறுகள் நடந்திருக்கின்றன. ஜெர்மனியில் ஆஸ்ஸே என்ற பழைய உப்புச் சுரங்கத்தில் 1967 முதல் 1978 வரை சுமார் 1,26,000 டிரம்களை இறக்கினார்கள். உப்புச் சுரங்கம் வறண்டது, பாதுகாப்பானது என்றார்கள். ஆனால் 1988 முதல் உள்ளே தண்ணீர் இறங்குவது தெரிய வந்தது. நாளொன்றுக்குச் சுமார் 12,000 லிட்டர்! இப்போது அந்தக் கழிவை மறுபடி வெளியே எடுக்க வேண்டும் என்று 2013இல் சட்டமே இயற்றியிருக்கிறார்கள். புதைத்ததைவிட எடுப்பது பல மடங்கு கடினம்.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் 655 மீட்டர் ஆழத்தில் உள்ள உப்புக் கிடங்கில் 2014 பிப்ரவரி 14 அன்று ஒரு டிரம் வெடித்துக் கதிரியக்கம் கசிந்தது. காரணம் என்ன தெரியுமா? ஈரத்தை உறிஞ்ச, பூனை கழிவிடும் தட்டில் போடும் பொருளைக் கழிவோடு கலப்பது வழக்கம். களிமண் வகையைப் போட வேண்டிய இடத்தில் தானியத்தால் ஆன வகையைப் போட்டுவிட்டார்கள். அது உள்ளிருந்த நைட்ரேட் உப்புகளோடு வினைபுரிந்து சூடேறியது. அந்தக் கிடங்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் மூடிக் கிடந்தது.

மாயாபுரியில் மறதி, ஆஸ்ஸேவில் அவசரம், நியூ மெக்சிகோவில் கவனக்குறைவு. கண்ணாடியும் செம்பும் தோற்கும் முன்னே மனிதன் தோற்றுவிடுகிறான்.

நம் வாசலில்

கூடங்குளத்தில் இரண்டு உலைகள் ஓடுகின்றன. மேலும் நான்கு கட்டப்படுகின்றன. 2013 மே மாதம் உலைகளுக்கு அனுமதி தந்த உச்ச நீதிமன்றம், கழிவு பற்றியும் பேசியது. பயன்படுத்திய எரிபொருளை உலைக்கு வெளியே வைக்கும் சேமிப்பகத்துக்கு ஐந்தாண்டுக் கெடு இருந்தது. 2018இல் அது 2022 வரை நீட்டிக்கப்பட்டது. இதற்காக 2019 ஜூலையில் நடக்கவிருந்த மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் எதிர்ப்புக்கிடையே ஒத்திவைக்கப்பட்டது. ஆழ்நில இறுதிக் கிடங்கோ இந்தியாவில் எங்கும் இல்லை. 2012இல் கோலார் தங்கச் சுரங்கத்தின் பெயர் அடிபட்டதும் அம்மக்கள் வீதிக்கு வந்தார்கள். அப்படித் திட்டமில்லை என்று அரசு மறுத்தது.

பின்லாந்தில் நடந்ததை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே உள்ளூராட்சி மன்றம் வேண்டாமென்றால் கிடங்கு வராது. அந்த அதிகாரம் சட்டத்திலேயே உண்டு. 2000இல் உள்ளூர் மன்றம் சம்மதித்த பிறகே 2001இல் நாடாளுமன்றம் 159க்கு 3 என்ற வாக்குகளில் ஏற்றது. கேட்டார்கள், காட்டினார்கள், பிறகு தோண்டினார்கள்.

எனவே அணுமின்சாரம் வேண்டும் என்பவரும் வேண்டாம் என்பவரும் சேர்ந்தே கேட்கக்கூடிய கேள்விகள் சில உண்டு. கழிவு இப்போது எங்கே, எந்த நிலையில் இருக்கிறது? சுற்றுப்புற நீர், மண் சோதனை முடிவுகளை மக்கள் மொழியில் வெளியிடுவீர்களா? தற்காலிகம் என்று சொல்லும் கிடங்கு எந்த ஆண்டுவரை தற்காலிகம்?

நம் வீட்டளவில் ஒன்று செய்யலாம். மஞ்சள் பின்னணியில் மூன்று கறுப்பு இதழ்கள் கொண்ட கதிரியக்கச் சின்னத்தைப் பிள்ளைகளுக்கும், பழைய இரும்புத் தொழிலில் இருக்கும் நம் சகோதரர்களுக்கும் காட்டி வைப்போம். அது ஒட்டிய பொருளோ, காரணமில்லாமல் கனக்கும் ஈயப் பெட்டியோ கைக்கு வந்தால் பிரிக்காமல் விலகி நின்று காவல்துறைக்குச் சொல்ல வேண்டும்.

இன்று நாம் போடும் விளக்குக்கான கழிவை, நம் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் காவல் காக்கப் போகிறார்கள். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. குறைந்தபட்சம், அந்த அமானிதத்தை ஒழுங்காகப் பொதிந்து, உள்ளே என்ன இருக்கிறது என்பதை மறைக்காமல் எழுதி ஒப்படைக்க வேண்டியது நம் பொறுப்பு.